ஸ்பிதிக்குப் போன மாட்டுங்கா கார்

கராஜுக்கு வருகிறவர்கள் வண்டியின் வியாதியை விலாவாரியாகச் சொல்வார்கள். எங்கே போகப்போகிறார்கள் என்பதை மட்டும் கடைசியில்தான் சொல்வார்கள். பழைய காரோடு மல்லுக்கட்டும் உங்களுக்குத் தெரியாததல்ல. எனக்கோ கேட்காமல் இருந்தால் தலை வெடித்துவிடும். பம்பாய் செம்பூரில் என் கராஜுக்கு மாட்டுங்கா சுந்தரம் சாரும் கோமதி மாமியும் வந்தபோதும் அப்படித்தான்.

சும்மா ஒரு சர்வீஸ்

கோயிலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டுமே போய்வரும் சின்ன கார். "எங்க சார் பயணம்?" என்றேன். "ஸ்பிதி" என்றார். தூக்கிவாரிப்போட்டது. இமயமலையில் பனிக்காடு அல்லவா அது!

மாமிதான் விஷயத்தை உடைத்தார். மகள் அங்கே டாக்டர். பம்பாய் வேலையை உதறிவிட்டு அவள் கிளம்பிய அன்று, "போனா இந்தாத்துப் படி ஏறாதே" என்று சார் கத்தியிருக்கிறார். அவளும் ஏறவில்லை, அவர் போனையும் எடுப்பதில்லை. பனி விழுந்து பாதை அடைபடுவதற்குள் போய் அவளைப் பார்த்துவிட வேண்டுமாம். சார் முகத்தைத் திருப்பிக்கொண்டார். "அதெல்லாம் இவன்கிட்ட எதுக்கு? காதர், நீ பிரேக்கைப் பாரு."

இல்லாத ஹீட்டர்

ஹீட்டரைத் திருகினேன், காற்றே சூடாகவில்லை. பானெட்டைத் திறந்தால், இன்ஜினின் சுடுதண்ணீர் ஹீட்டருக்குப் போய்வருகிற இரண்டு ரப்பர் ஹோஸையும் எந்த மெக்கானிக்கோ என்றோ கழற்றி, ஒன்றோடொன்று இணைத்துவிட்டிருக்கிறார். பம்பாயில் ஹீட்டரை யார் தேடப்போகிறார்கள்? இரண்டையும் பழையபடி ஹீட்டரில் மாட்டினேன். ரேடியேட்டரிலோ வெறும் குழாய்த் தண்ணீர். "அங்க இது உறைஞ்சா இன்ஜினே விரிசல் விட்டுரும் மாமி, உறையாத கூலண்ட் ஊத்தணும்" என்றேன். மாமி வாயைப் பிளந்தார். "தானா ஐஸாயிடுமா? எங்காத்து ஃப்ரிட்ஜுக்கே அது பெரும்பாடாச்சே!"

பின்பக்கம் உட்கார்ந்துவிட்டது

சாமான் ஏற்றிப் பார்க்கச் சொன்னேன். வண்டியின் பின்பக்கம் அப்படியே தரையைத் தொடப் பார்த்தது. செம்பூர் ஸ்பீட் பிரேக்கரிலேயே அடி தட்டும்; மலைப்பாதைக் கல்லுக்கு என்ன பதில்? உள்ளே எட்டிப் பார்த்தால், மகளுக்காக ஒரு வெட் கிரைண்டர். ஸ்பிரிங்குக்கு நடுவே ரப்பர் வளையம் மாட்டினேன், போதவில்லை. "எதையாவது இறக்குங்க மாமி." மாமி தன் பெட்டியை இறக்கினார். "எனக்கு ரெண்டு புடவை போறும். கிரைண்டரை மட்டும் தொடாதே."

ஸ்டெப்னி பாடம்

வழியில் பஞ்சர் ஆனால் ஆள் கிடைக்காது. சாருக்கே டயர் மாற்றக் கற்றுக்கொடுத்தேன். ஜாக்கியில் தூக்கிய பிறகு நட்டைத் திருகினார், சக்கரமும் கூடவே சுற்றியது. முதலில் தரையில் வைத்தே நட்டைத் தளர்த்த வேண்டும் என்று சொல்லிவிட்டு, அடக்க முடியாமல் கேட்டேன். "மலையடிவாரத்துல ஒரு டாக்ஸி பிடிச்சா ஆச்சு. ஏன் சார் இந்தப் பாடு?"

வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "டாக்ஸிக்காரன் எத்தனை நாழி நிப்பான்? அவ கதவைத் திறக்கறவரைக்கும் வாசல்ல உக்காந்திருக்கணுமே, காதர்."

மாமியின் போன்

அவர்கள் கிளம்பிய பிறகு எனக்கு வேலையே ஓடவில்லை. ஹோஸ் கசிகிறதோ, அடி தட்டியதோ, அந்தப் பெண் கதவைத் திறந்தாளோ என்று ஒரே தவிப்பு. ஒருநாள் மாமி கூப்பிட்டார்.

"வாசல்ல கார் நின்னதுமே ஓடி வந்துட்டா. இங்க கரண்ட் இல்லே, கிரைண்டர் சும்மா கிடக்கு. ஆத்துக்குள்ள குளிர் தாங்கலைன்னு அப்பாவும் பொண்ணும் கார்ல ஹீட்டரைப் போட்டுண்டு உக்காந்து சண்டை போட்டுண்டிருக்கா. பெட்ரோல் தீந்தாத்தான் இறங்குவா போலிருக்கு!"

அன்றிலிருந்து, மே மாத வெயிலில் எந்த வண்டி வந்தாலும் முதலில் ஹீட்டரைத்தான் திருகிப் பார்க்கிறேன். செம்பூரில் எனக்குப் பைத்தியம் என்று பேச்சு.