கம்பியைத் தளர்த்தமாட்டேன் என்ற ஃபலேசி

ஏரிக்கரைக்குப் பக்கத்து ஊரான சலிமாவில் சைக்கிள் டாக்ஸி ஓட்டுகிற எங்களுக்கெல்லாம் சக்கரக் கோட்டம் எடுத்துக் கொடுத்தவள் ஃபலேசி. புருஷன் தென்னாப்பிரிக்காவுக்குப் போனபோது விட்டுப்போனது ஒரு கோணல் சக்கரச் சைக்கிள்தான். அதைக் கழற்றி, கெடுத்து, மறுபடி கழற்றி, மூன்று வாரத்தில் தானே நேராக்கினாள். அப்புறம் ஸ்டாண்டிலேயே சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். சக்கரத்துப் போக்ஸ் கம்பிகளை இரண்டிரண்டாகப் பிடித்து அழுத்துவாள். நகத்தால் சுண்டிச் சத்தம் கேட்பாள். தொளதொளப்பாக ஒன்று இருந்தாலும் வண்டியைத் தரமாட்டாள்.

போன மழைக்கு முன்னால் ஒரே வாரத்தில் மூன்று பேருக்குக் கம்பி அறுந்தது. மூன்றும் அவள் கை இன்னும் படாத வண்டிகள். ஆனாலும் ஸ்டாண்டுத் தலைவர் ஜைலோசி எல்லாரையும் கூட்டிவைத்துச் சொன்னார்:

"முறுக்கி முறுக்கி வச்சா அறுந்துதான் போகும். நம்ம ரோடு மேடு பள்ளம். கம்பி கொஞ்சம் குலுங்கிக் கொடுக்கணும். இன்னையிலேர்ந்து எல்லா வண்டிக்கும் ரெண்டு சுத்து தளர்த்து, ஃபலேசி."

"மாட்டேன் தலைவரே. ஆடுற கம்பிதான் அறும்."

"பொம்பளைன்னா சொன்னதைச் செய்யணும்."

"நான் பொம்பளைன்னு சக்கரத்துக்குத் தெரியாதே!"

சிரிப்பை அடக்க முடியாமல் நான் இருமினேன். தலைவர் முகம் சுண்டிப்போயிற்று. "இனிமே இந்த ஸ்டாண்டுல நீ உக்காரக் கூடாது" என்றார்.

அவள் சாக்கைச் சுருட்டினாள். ரோட்டைக் கடந்தாள். நேர் எதிரே, தலைவர் கண்ணில் படும்படி விரித்து உட்கார்ந்தாள். அங்கிருந்தே கத்தினாள்: "தலைவரே! உங்க வண்டியை நீங்க தளர்த்திக்கிட்டு வாங்க. என் வண்டியை நான் இறுக்கிக்கிட்டு வரேன். ஏரிக்கரைலேர்ந்து ஆளுக்கு ரெண்டு மூட்டை கருவாடு. மூணு நடை. பாத்துடலாம்!"

அத்தனை பேர் முன்னால் அவர் எப்படி மாட்டேன் என்பார்?

மறுநாள் விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். மண் ரோடு, வரிவரியாகப் பல் காட்டும் ரோடு. முதல் நடையில் தலைவர்தான் முந்தி வந்தார். "எங்க உங்க மெக்கானிக்கு?" என்று எங்களைக் கேலி செய்தார். ஃபலேசி பின்னால் வேர்த்து வழிய வந்தாள். மூட்டையை இறக்கியதும் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். இரண்டாம் நடையில் பாதி வழியில் டிங், டிங்கென்று இரண்டு கம்பி அறுந்த சத்தம். தலைவரின் பின்சக்கரம் கள்ளுண்டவன் மாதிரி ஆடி, ஃபிரேமில் உரசி நின்றுவிட்டது. கருவாடு ரோடெல்லாம் சிதறியது.

ஃபலேசி நிறுத்தவில்லை. அவரைச் சுற்றிக்கொண்டு போனாள். மூன்றாம் நடையையும் தனியாக முடித்தாள்.

"மூட்டையைக் கோணலா கட்டிட்டானுங்க" என்றார் தலைவர். தடையையும் எடுக்கவில்லை. அதனால் என்ன, நாங்கள்தான் ரோட்டைக் கடந்தோம். நாலாம் நாள் அவரும் சக்கரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். எனக்குப் பின்னால், ஆறாவது ஆளாக நின்றார். ஃபலேசி தலை நிமிர்ந்து பார்த்தாள், வரிசையை மாற்றவில்லை.

அவர் முறை வந்தது. புதுக் கம்பி இரண்டைக் கோத்து, போக்ஸ் சாவியைப் போட்டுத் திருகத் தொடங்கினாள்.

"ரொம்ப முறுக்காதே" என்றார் அவர், கெஞ்சுகிற குரலில்.

அவள் இன்னும் அரைச் சுற்று முறுக்கினாள்.