கொசுவலைக் கடை ராப் பாடகன்

முப்பது வயதைத் தாண்டி, முன்நெற்றி பின்வாங்க ஆரம்பித்த பிறகு, கூடைப்பந்துப் பனியனும், கதவுச் சங்கிலியை வெட்டிப் பொன்நிறம் பூசிய கழுத்துச் சங்கிலியுமாக மேடையேறி, இன்னொருவன் பாட்டுக்குப் பின்னால் நின்று "ஹே, ஹே" என்று கையாட்டியவன் நான். அந்தப் பாட்டு உருது. எனக்கு உருது தெரியாது. மனைவியிடம்கூட முழுதாகச் சொல்லாத சங்கதி இது. உங்களிடம் சொல்ல வைத்தது டீசல் வாசனை.

போன வாரம் இங்கே யாங்கோனில், கியாக்டடா பேட்டையில் ஒரு வங்கி வாசலில் ஜெனரேட்டரை ஓடவிட்டார்கள். புகை மூக்கில் ஏறியதும் பின்னாலேயே பிரியாணி வாசனையும் வந்துவிட்டது. மற்ற ஊர்க்காரர்களுக்கு டீசல் என்றால் லாரி. எங்கள் வயது யாங்கோன்காரர்களுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையை நம்பினாலும் மின்சாரத்தை நம்பாத காலம் அது. வாடகை ஜெனரேட்டர் கிடைத்த பிறகுதான் தேதியே குறிப்பார்கள்.

அந்த இன்னொருவன் சலீம், லான்மடா பேட்டையில் கொசுவலைக் கடை வைத்திருந்த பஞ்சாபிக்காரரின் மகன். அப்பா பேசுவது உருது, அம்மா திட்டுவது பஞ்சாபி, தெருவில் எங்களோடு பர்மியமும் அரைகுறைத் தமிழும். இரண்டாயிரத்துக்குப் பிறகு ஊர்ப் பையன்களெல்லாம் பர்மியத்தில் ராப் பாடக் கிளம்பியபோது, இவன் மட்டும் உருதுவிலும் பஞ்சாபியிலும்தான் பாடுவேன் என்று நின்றான். கோபம் வந்தால் அவற்றில்தான் எதுகை தானாக விழுகிறதாம். அவன் பாட்டு புரியக்கூடிய ரசிகர்களை ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் ஏற்றிவிடலாம். அந்த இரண்டு இருக்கையிலும் அவன் பெற்றோர்தான் இருப்பார்கள்.

கேசட் போடுவதென்றால் வரிகளைப் பர்மியத்தில் பெயர்த்து அரசாங்கத் தணிக்கையில் அனுமதி வாங்க வேண்டும். பெயர்த்துப் பார்த்தோம். எதுகை போய், மின்வெட்டைப் பற்றிய புகார் மனு மட்டும் மிஞ்சியது. ஆகவே கல்யாண வீடுதான் கதி.

ஹமீது மாமா மகள் கல்யாணத்தில் இடம் கேட்டேன். மாமா எனக்குத் தூரத்து உறவு, பாத்திர வியாபாரி, தொழுகையில் முதல் வரிசை. "என்ன பாசையில பாடுவாப்ல?" என்றார். உருது என்றேன்.

"உருதுவா? அப்ப நல்ல விசயமாத்தான் இருக்கும். வரச் சொல்லு."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தெருப் பள்ளிவாசலில் தலைமுறை தலைமுறையாக உருதுவில்தான் பயான் என்கிற மார்க்கப் பிரசங்கம் நடந்தது. தமிழர்களான எங்களுக்கு ஒரு வார்த்தையும் ஓடாது. புரியாததால் மரியாதை கூடுதல். குரல் உயர்ந்து நின்றால் ஆமீன் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் தெரியும்.

சலீமின் அப்பாவோ முந்தின நாளே தீர்ப்பு சொல்லிவிட்டார்: சபையில் மானம் போனால் மறுநாளிலிருந்து கடை, அதோடு பாட்டுக்கு முழுக்கு. கல்யாணத்தன்று மண்டபத்தில் அவர் வாசலை ஒட்டி உட்கார்ந்தார், கௌரவமாக வெளியேற வசதியாக. சலீம் மைக்கை எடுத்த வேகத்தில் அது என் சங்கிலியில் இடித்தது.

டேப்பைப் போட்டோம். டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது, விசிறி நின்றது, மாமனார் வேர்த்தார் என்று போகும் பாட்டு. ஒவ்வொரு சுற்றும் "யா ரப், வெளிச்சம் கொடு" என்று இறைவனைக் கூப்பிட்டுக் குரலை உயர்த்தி நிறுத்துவான். முதல் நிறுத்தத்தில், முன்வரிசை வெள்ளைத் தொப்பிகளில் ஒருவர் இரு கைகளையும் ஏந்தி "ஆமீன்" என்றார். அடுத்த நிறுத்தத்தில் வரிசை முழுவதும். சலீம் ஒரு கணம் மிரண்டான். பிறகு கெட்டிக்காரன், ஆமீனுக்கென்று தாளத்தில் இடம் விட்டுப் பாட ஆரம்பித்துவிட்டான். திரைக்குப் பின்னாலிருந்து பெண்களும் சேர்ந்தார்கள். என் "ஹே, ஹே"க்கு வேலை போயிற்று.

பாதியில் ஜெனரேட்டர் இருமி நின்றது. டேப் செத்தது. ஆமீன் நிற்கவில்லை. அதையே தாளமாக வைத்து வெறுந்தொண்டையில் முடித்தான். கடைசிச் சரணம் பஞ்சாபி, முழுக்க அவன் அம்மாவின் வசவுகள். அதற்கும் ஆமீன். வாசலருகே ஒருவர் மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அத்தனை வசவும் வீட்டில் அவர் வாங்கியவை.

பிரியாணிப் பந்தியில் மகன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பெரியவர்கள் தவறாக எடுத்துக்கொண்டார்களே என்று சலீம் முணுமுணுத்தான்.

"மின்சாரத்துக்கும் அல்லாகிட்ட ஒரு துஆ கேக்க வேணும்தானே," என்றார் பர்மியத்தில். "கடையை நான் பாத்துக்கறேன். நீ பாடு."

பாடினான். ஆற்றுக்கு அக்கரையில் தன்லியின் ஊர் வரைக்கும் கல்யாணம், கடைத் திறப்பு, காதுகுத்து என்று சில வருஷங்கள் அவனில்லாமல் நடக்கவில்லை. பிறகு மலேசியா போய், அங்கே புரிகிற ஆட்கள் முன்னால் நிஜமாகவே பெயரெடுத்தான். அந்த மண்டபம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. கொசுவலைக் கடையும் இல்லை. பள்ளிவாசலில் பர்மியத்தில் பேசுகிறார்கள், பிள்ளைகளுக்கு எல்லாம் புரிகிறது. புரிந்த பிறகு யாரும் அந்த அளவு உரக்க ஆமீன் சொல்வதில்லை.

சலீம் மலேசியா போன மறு வருஷம் ஹமீது மாமாவைத் தேநீர்க் கடையில் பார்த்தேன். அவனை அன்போடு விசாரித்தார். அங்கே பெரிய பாடகன் ஆகிவிட்டான் என்றேன். முகம் வாடிவிட்டது.

"எவ்வளவு உருக்கமா ஓதுன புள்ள," என்றார், என்னை மேலும் கீழும் பார்த்து. "சேர்க்கை சரியில்ல."