படகு மாறும் பெட்டி

மூன்று வாரத்துக்கு முன்பு, பழவேற்காட்டுக் கரையில் கவிதா அழாத குறையாக நின்றிருந்தாள். மீஞ்சூரில் என் பக்கத்து வீட்டுப் பெண், இன்ஜினியர். வேடிக்கை பார்க்க நானும் தொற்றிக்கொண்டு போயிருந்தேன்.

விஷயம் இதுதான். அந்த ஊர் மீனவப் பெண் தேசம்மாவும் அவள் கூட்டாளிப் பெண்களும் கரையோரமாக ஏரிக்குள் கூண்டு வைத்து நண்டு வளர்க்கிறார்கள். தண்ணீரில் ஆக்சிஜன் குறைந்தால் மீனாவது நீந்தித் தப்பிக்கப் பார்க்கும். கூண்டு நண்டு எங்கே போகும்? மொத்தமும் செத்துப்போகும். கெட்ட தண்ணீர் முதலில் நடு ஏரியில்தான் தலைகாட்டும். அதனால் கரையிலிருந்து நடு ஏரி வரைக்கும் எட்டு சென்சார் மிதவைகளை விட்டிருந்தாள் கவிதா.

ஒவ்வொன்றும் பக்கத்து மிதவைக்குச் சேதி சொல்லும்... கரைக்குக் கிட்டே இருப்பது எல்லாருடைய சேதியையும் சுமக்கும். கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி! அதன் பேட்டரிதான் முதலில் படுத்தது. அதோடு மொத்த வரிசையும் ஊமை.

சரி, பேட்டரியை மாற்றிவிட்டு, சேதியை வாங்க ஆளே நேரில் போகட்டும் என்று முடிவு செய்தாள். தேசம்மாவின் புருஷன் ஏழுமலையின் படகில் சேதி வாங்கும் பெட்டி ஒன்றை ஸ்க்ரூ போட்டு முடுக்கினாள். படகு கிட்டே போனால் மிதவை மெல்லப் பேசினாலே போதும். பேட்டரியும் நாள்பட வரும். முதல் நாள் எட்டும் பேசின. மறுநாள்... ஒன்றுகூட இல்லை.

“பெட்டி கெட்டுப்போச்சாக்கா?” என்றாள் கவிதா.

தேசம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். “பெட்டி நல்லாத்தான் கீது மேடம். நேத்து நடு ஏரில எங்க பாடு. இன்னிக்கு வேற ஆளு பாடு, நாங்க வேற பக்கம் பூட்டோம். அவங்க எடத்துல நாங்க போயி நின்னா ஊரு சும்மா வுடுமா?”

பாடு என்றால் முறை. எந்த இடத்தில், எந்த நாள், யார் வலை போடுவது என்று ஊர் கூடி முடிவு செய்வது. பேட்டரி, சிக்னல், படகின் வேகம் — எல்லாவற்றையும் கணக்குப் போட்ட கவிதா, நாளைக்குப் படகு எங்கே போகும் என்று மட்டும் கேட்கவில்லை. நான் மட்டும் என்ன? பெரிய மனுஷி மாதிரி தலையாட்டிக்கொண்டுதானே இருந்தேன்!

“இன்னாத்துக்கு எங்க போட்லயே முடுக்கி வெச்சிகினு? பாடு யாருதோ, பெட்டி அவங்க கைல. நடு ஏரிக்கு டெய்லி யார்னா ஒர்த்தர் போயிகினுதான் இருப்பாங்க” என்றாள் தேசம்மா.

ஸ்க்ரூ கழன்றது. கயிறு வந்தது. அன்று முதல் பெட்டி படகுவிட்டுப் படகு மாறுகிறது. கைக்குழந்தையை வாங்குவதுபோல இரண்டு கையாலும் வாங்கிக்கொள்கிறார்கள்.

போன சனிக்கிழமை அந்தப் பெட்டி கெட்ட சேதியோடு கரைக்கு வந்தது: நடு ஏரியில் ஆக்சிஜன் இறங்குகிறது. கவிதா உடனே தேசம்மாவுக்குப் போன் செய்தாள். பெண்கள் கூண்டுகளை அவிழ்த்து, படகில் கட்டி, கடல் தண்ணீர் ஏறும் முகத்துவாரத்துப் பக்கம் இழுத்துப் போனார்கள். ஞாயிறு காலை பழைய இடத்தில் செத்த மீன் மிதந்தது. நண்டு? ஒன்றுகூடச் சாகவில்லை! கேட்டதும் சந்தோஷத்தில் அடுப்படியிலேயே கை தட்டினேன்.

மதியம் தேசம்மாவே போன் செய்தாள். “எக்கா, அல்லாம் உசுரோட கீது. கெளம்பி வா, கொழம்பு வெக்கிறேன்.”

பாவம் நண்டுகள்... காப்பாற்றியது எதற்காக என்று அவற்றிடம் யாரும் சொல்லவில்லை.