மக்சிக் கொடுத்த தாப்பாய்

மலாயாவில் நாங்கள் இருந்த ஜாலான் புசார் தெரு வீட்டை நினைத்தால் எப்போதும் மத்தியானமாகவே இருக்கிறது. ஜன்னல் கட்டைகளின் இடுக்கு வழியாக வெயில் மஞ்சளாகத் தரையில் படுத்திருக்கிறது. அடுக்களையில் சித்தி மோர் கடைகிறாள்.

அந்த மோர் சித்தப்பாவின் வயிற்றுக்கு. கள்ளுக்கடையே கதியென்று கிடந்து வயிற்றைக் கெடுத்துக்கொண்டவர், இனித் தொடுவதில்லையென்று சித்தியின் தலையில் கைவைத்துச் சத்தியம் செய்திருந்தார். மீறினால் அடுத்த கப்பலில் நாகப்பட்டினம் போய்விடுவேன் என்றிருந்தாள் சித்தி. சொன்னால் செய்கிறவள்.

காலையில் நீராகாரம், பதினொரு மணிக்குப் பெருங்காயம் போட்ட மோர். டம்ளரை நான்தான் ஏந்திப்போவேன். சித்தப்பா கஷாயம் குடிக்கிற முகத்தோடு குடிப்பார். எனக்கு அவர்மேல் உயிர். அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்காது.

பக்கத்து வீட்டு மலாய் அம்மாவை மக்சிக் என்று கூப்பிடுவோம். பெருநாளுக்கு அவர் தாப்பாய் செய்வார். சோற்றை இலையில் பொதிந்து இரண்டு மூன்று நாள் புளிக்க வைத்தால் தேனாக இனித்துக் கிடக்கும்; கள் வாடையும் லேசாக அடிக்கும். வயிற்றுக்கு நல்லது என்று அவர் ஒரு பொட்டலம் கொடுத்தார். சும்மா இருப்பேனா? நேராகச் சித்தப்பாவிடம் ஓடினேன்.

அவர் பிரித்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பருக்கையாகத் தின்றார். இலையை வழித்து நக்கியபின், "செத்த நடந்துட்டு வரேன்" என்று சட்டையை மாட்டிக்கொண்டு போனார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தள்ளாடிக்கொண்டு வந்தார். சித்தி கிட்டே போய் மோந்து பார்த்தாள். டிரங்குப் பெட்டியை இழுத்துச் சேலைகளை அடுக்கத் தொடங்கினாள்.

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "சித்தப்பா குடிக்கல சித்தி! நான்தான் தாப்பாய் குடுத்தேன். அந்த வாசம்தான் அது!"

"எத்தனை குடுத்தே?"

"ஒண்ணுதான்."

சித்தி என்னை வெகுநேரம் பார்த்தாள். "அப்ப தாப்பாய்தான் லா" என்றாள். பெட்டியிலிருந்து சேலைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட்டாள். சித்தப்பா சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று விசும்பினார். அவரைக் காப்பாற்றிவிட்ட பெருமையில் நான் பல நாள் மிதந்துகொண்டிருந்தேன்.

எனக்கும் கல்யாணமாகி, நானும் ஒருமுறை கோபத்தில் துணிகளை மூட்டை கட்டிய பிறகுதான் விளங்கியது. ஒரு பிடி புளித்த சோற்றில் எந்த ஆம்பளையும் அப்படித் தள்ளாடமாட்டான் என்று சித்திக்கு நன்றாகத் தெரியும். போகாமலிருக்க அவளுக்கு ஒரு சாக்கு வேண்டியிருந்தது. அதைத்தான் நான் அழுதுகொண்டே கொடுத்திருக்கிறேன்.