ஒத்தியை நீட்டித்த வருடம்

திண்டுக்கல்லில் நாங்கள் ஒத்திக்கு இருந்தது ஒரு மாடி வீடு. மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு மூன்று வருடம் வாடகையில்லாமல் இருந்துகொள்ளலாம். காலம் முடிந்ததும் தொகையை வாங்கிக்கொண்டு காலி செய்ய வேண்டும், இல்லையென்றால் புதுப் பத்திரம் எழுதிக்கொள்ள வேண்டும். வீட்டுக்கார அம்மா கீழே குடியிருந்தார்.

எங்கள் மூன்று வருடம் முடியப்போகிற சமயத்தில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சும் போனது. குளிப்பாட்டுவது, துணி மாற்றுவது, கஞ்சி ஊட்டுவது எல்லாம் என் மனைவிதான்.

பத்திரத்தைப் பற்றிப் பேசக் கீழே போனேன். வீட்டுக்கார அம்மா காபி கொடுத்து உட்காரவைத்தார்.

"தாராளமா இருங்க தம்பி. உங்கள மாதிரி ஆளுக கெடைக்க மாட்டாங்க. ஒன்னே ஒன்னுதான். பெரியவர வேற எங்கயாச்சும் கொண்டுபோயி விட்டுருங்க."

எனக்கு உடனே புரியவில்லை.

"கோவிச்சுக்காதீங்க. அவரு அடைப்புல போயிட்டா ஆறு மாசம் வீட்டப் பூட்டிப் போடணும். அப்பறம் எவன் குடி வருவான்?"

கெட்ட நட்சத்திரத்தில் சாவு விழுந்தால் வீட்டை அடைத்துவைக்க வேண்டும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஆனால் மேலே மூச்சு விட்டுக்கொண்டிருந்த மனிதருக்குக் கீழே ஒருவர் நட்சத்திரம் பார்த்துவைத்திருப்பார் என்று நான் நினைத்ததில்லை.

"வேற வீடு பாப்போங்க" என்றாள் மனைவி. இரண்டு வாரம் அலைந்தோம். யார் யார் இருக்கிறீர்கள் என்று கேட்பார்கள். அப்பாவைப் பற்றிச் சொன்னதும் முகம் மாறிவிடும். ஒருவர் மட்டும் வெளிப்படையாகச் சொன்னார்: "அவரு காரியத்த முடிச்சுட்டு வாங்களேன், பேசுவோம்."

சாணார்பட்டியில் அக்கா இருந்தாள். ஒரு அறையும் அடுப்படியும்தான் அவள் வீடு. நான் முழுதாகச் சொல்லி முடிக்கும் முன்பே, "கொண்டாந்து விடு" என்றாள்.

அப்பாவிடம் டாக்டரைப் பார்க்கப் போகிறோம் என்று சொன்னேன். நாற்காலியில் உட்காரவைத்து நானும் அக்கா வீட்டு மச்சானும் தூக்கினோம். படி திரும்பும் இடத்தில் அவர் இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? நாற்காலியை மச்சான் தாங்கிக்கொள்ள, நான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சுண்டுவிரலைப் பிரிக்கும்போது அவர் என்னைப் பார்த்தார். கீழே நின்ற வீட்டுக்கார அம்மா, "பாத்து, பாத்து, செவுத்துல இடிச்சுராதீங்க, இப்பத்தான் பெயிண்டு அடிச்சது" என்றார்.

அந்த வாரமே பத்திரத்தில் கையெழுத்துப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆரஞ்சு வாங்கிக்கொண்டு சாணார்பட்டிக்குப் போவேன். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பார். நான் பஸ், மழை, விலைவாசி என்று எதையாவது பேசிவிட்டு வருவேன். ஒரு வருடத்துக்கு மேல் ஆகியும் அவர் இருந்தார். ஒரு நாள் படியில் எதிர்ப்பட்ட வீட்டுக்கார அம்மா கேட்டார்: "பெரியவரு எப்படி இருக்காரு?"

"இருக்காரும்மா."

"இன்னுமா?" அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "இம்புட்டு நாளு இருப்பாருன்னு தெரிஞ்சிருந்தா இங்கயே வச்சுக்கிட்டிருக்கலாமே தம்பி."

நான் மேலே ஏறிப் போனேன். எதையாவது சொல்லியிருக்க வேண்டும். பத்திரத்தில் இன்னும் ஒன்றரை வருடம் மீதமிருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் அப்பா அக்கா வீட்டிலேயே இறந்தார். காரியமெல்லாம் முடிந்து கிளம்பும்போது, "கடைசி வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமலே போயிட்டாரே" என்றேன்.

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த அக்கா நிமிராமல் சொன்னாள்: "பேச்சு வந்து ஆறேழு மாசம் ஆச்சுப்பா. கொழறும், ஆனா புரியும். ஒங்கிட்டச் சொல்ல வேணாம்னுட்டாரு."

என் மனைவிதான் கேட்டாள், "என்ன மதினி பேசுவாரு?"

"என்னத்தப் பேசுவாரு. வெஞ்சனத்துல உப்புக் கூடிருச்சும்பாரு. புள்ளைகள வையுவாரு." ஒரு தட்டைக் கவிழ்த்துவைத்தாள். "ஞாயித்துக்கெழம காலையில மட்டும், செவுத்துப் பக்கமா என்னயத் திருப்பி விடு ஆத்தாம்பாரு."