முடிச்சுக்குப் பின்னால் ஒரு முகம்

1996ஆம் வருஷம் ஆவணி முதல் வாரத்தில், அலுவலகத்தில் என் பக்கத்து மேஜை நண்பர் தன் தங்கையின் கல்யாணத்தைப் படம் எடுத்துத் தரும்படி கேட்டார். அதுவரை நான் எடுத்துக்கொண்டிருந்தது வேறு வகைப் படங்கள். மயிலாப்பூர் தெப்பக்குளத்தை ஒவ்வொரு தமிழ் மாதப் பிறப்பன்றும் அதே படியில் நின்று எடுத்து, பின்புறம் தேதி எழுதி வைப்பேன். முகப்பில் கட்டிய வருஷம் பொறித்த மாட வீதி வீடுகளை, இடிப்பதற்குள் எடுத்துவிட வேண்டுமென்று ஞாயிற்றுக்கிழமைகளில் அலைவேன். அந்தப் படங்களில் மனிதர்கள் யாராவது இருந்தால், குறுக்கே வந்துவிட்டவர்கள் என்று அர்த்தம்.

"கோபுரத்தை எடுக்கறவருக்குக் கல்யாணம் எடுக்க வராதா?" என்றார் அவர்.

"கோபுரம் கண்ணை மூடாது சார். இன்னிக்குச் சரியா வரலன்னா நாளைக்கும் அங்கயேதான் நிக்கும்."

அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துக்கொண்டார். "ஸ்டூடியோல கேக்கறதைக் கொடுத்தா ஒரு வேளைச் சாப்பாட்டை நிறுத்தணும். வீடியோவும் வேண்டாம்னு அப்பா சொல்லிட்டார். மூணு ரோல் வாங்கித் தரேன். உங்களைத் தவிர வேற யாரும் எடுக்கப் போறதில்லை."

பெருமையாக இருந்தது, சரி என்றேன். அடையாறுக்குத் திரும்பும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதுதான் அந்தக் கடைசி வாக்கியம் வேலை செய்ய ஆரம்பித்தது. என் படம் வரவில்லையென்றால் அந்தக் கல்யாணத்துக்கு வேறு படமே கிடையாது.

என்னிடம் இருந்தது பழைய கேமரா ஒன்று. ஃபிளாஷ் இல்லை. மாடி வீட்டுக்காரரிடம் இரவல் வாங்கினேன். அது ஒருமுறை மின்னிவிட்டால் மறுபடி தயாராவதற்குள் ஈனக் குரலில் கூவிக்கொண்டே இருக்கும். கூவல் நின்று சிவப்பு விளக்கு எரிந்தால்தான் அடுத்த படம். நூலகத்திலிருந்து புகைப்படக் கலைப் புத்தகங்களை வாங்கி வந்து படித்தேன். எல்லாம் குளிர் தேசத்துக்காரர்கள் எழுதியவை. அவற்றில் மணப்பெண் மாதா கோயில் வாசலில் பூங்கொத்தோடு நின்று, சொன்ன பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஹோமப் புகையில் கண் எரிய, நூறு பேர் நடுவில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பற்றி ஒரு வரி இல்லை.

எனவே நேரில் பார்த்துத் தெரிந்துகொள்வது என்று முடிவு செய்தேன். அடுத்து வந்த முகூர்த்த ஞாயிறன்று, தி. நகரில் வாழைமரம் கட்டியிருந்த ஒரு மண்டபத்துக்குள் கேமராவோடு நுழைந்தேன். வாசலில் பன்னீர் தெளித்த பெண், "பொண்ணு வூடா, மாப்ள வூடா?" என்று கேட்டாள். "ரெண்டும்தான்" என்று சொல்லிவிட்டு, அவள் யோசிப்பதற்குள் மேடைப் பக்கம் போய்விட்டேன். அங்கே வாடகைக்கு வந்திருந்த புகைப்படக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னா நைனா, எந்த ஸ்டூடியோ?"

"ஸ்டூடியோலாம் இல்ல. சும்மா பாக்க வந்தேன்."

"சும்மா பாக்க வந்தவன் கைல கேமரா இன்னாத்துக்கு? பந்தி அந்தாண்ட கீது, அங்க போய்ப் பாரு."

பந்திக்குப் போகவில்லை. அவர் முழங்கைக்குப் பின்னால் நின்றுகொண்டேன். மாப்பிள்ளையும் பெண்ணும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை உட்கார்ந்தபடியே திரும்பித் தாலியைக் கட்டினான். வலப்பக்கம் முன்னால் நின்றால் இரண்டு முகம், தாலி, கட்டும் கை எல்லாமே ஒரே படத்தில் அடங்கின. வீட்டுக்கு வந்ததும் மேடையை ஒரு தாளில் வரைந்து, நிற்க வேண்டிய இடத்தில் பெருக்கல் குறி போட்டேன். அன்று ஒருநாள் மட்டும் நன்றாகச் சாப்பிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வியாழக்கிழமை அந்தத் தாளோடு மயிலாப்பூர் வீட்டுக்குப் போனேன். நண்பரின் அப்பா ஈஸிசேரிலிருந்து எழுந்து, என்னென்ன படம் வேண்டுமென்று விரல் மடக்கிச் சொன்னார். காசி யாத்திரை ஒன்று, மாலை மாற்றல் ஒன்று, ஊஞ்சல் ஒன்று, திருமாங்கல்யம் கட்டாயம், சம்பந்தி வீட்டார் எல்லோரும் நிற்கிற மாதிரி இரண்டு.

"நீங்களும் மாமியும் சேர்ந்து நிக்கற மாதிரி ஒண்ணு?" என்று கேட்டேன்.

"என்னை எதுக்கு? தினம் ஷேவ் பண்ணிக்கறச்சே பாத்துண்டுதான் இருக்கேன். ஃபிலிமை வீணாக்காதீங்கோ."

அவர் உள்ளே போனதும் தாளை விரித்து, தாலி கட்டும்போது நான் நிற்கப்போகும் இடத்தை நண்பருக்கு விளக்கினேன். காபி கொண்டு வந்த கல்யாணப் பெண் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் டபராவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"சார், இது யாராத்துக் கல்யாணம்?"

"ஏன்?"

"இங்க நின்னேள்னா மாப்பிள்ளை முதுகுதான் விழும். எங்களவாள்ல பக்கத்துல பக்கத்துல உக்காந்துக்க மாட்டா. அப்பா மடியில என்னை உக்காத்தி வெச்சுண்டிருப்பார். மாப்பிள்ளை எதிர்ல நின்னுண்டு, குனிஞ்சு கட்டுவார்."

இதை நான் எங்கோ படித்திருக்கிறேன். படித்தது தாளில் பெருக்கல் குறி போடும்போது ஞாபகம் வரவில்லை. நான் பிறந்த வீட்டிலும் சரி, பெண் எடுத்த வீட்டிலும் சரி, மணமேடை என்றால் இருவரும் பக்கத்தில் பக்கத்தில்தான். இரண்டு வாரம் நான் ஒத்திகை பார்த்தது வேறு யாரோ வீட்டுக் கல்யாணத்துக்கு.

நண்பர் தாளைத் தன் பக்கம் திருப்பினார். "கல்யாணம் ஞாயித்துக்கிழமை சார்" என்றார், எனக்குத் தெரியாதது போல.

அவர் தண்ணீர் குடிக்கப் போன இடைவெளியில் அந்தப் பெண் குரலைத் தாழ்த்தினாள்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா? அப்பா மடியில உக்காந்துண்டிருக்கறச்சே அப்பா எனக்குப் பின்னாடி இருப்பார். எல்லாருக்கும் அவர் முகம் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. தாலி கட்டற நேரத்துல அவர் முகம் எப்படி இருந்ததுன்னு எனக்குப் பாக்கணும். ஒரே ஒரு படம். அவர்ட்ட சொல்லாதீங்கோ, கூச்சப்பட்டுண்டு தலையைக் குனிஞ்சுப்பார்."

வீட்டுக்கு வந்து ஒத்திகையை முதலிலிருந்து தொடங்கினேன். தலையணைக்கு என் சட்டையை மாட்டி நாற்காலியில் சாய்த்தேன், அது அப்பா. அதற்கு முன்னால் மனைவியை உட்கார வைத்தேன். எதிரே மாப்பிள்ளையாக, கதவில் மாட்டியிருந்த மழைக்கோட்டு. மனைவி சிறிது நேரம் பொறுத்தாள்.

"இன்னாங்க இது, தலகாணி மடில என்ன உக்கார வெச்சிகினு? பக்கத்து வூட்ல பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"கையைக் கழுத்துக்குப் பின்னால கொண்டு போ. முடிச்சு போடற மாதிரி."

"என் கல்யாணத்துல என்ன ஒரு போட்டோ ஒழுங்கா எடுத்தீங்களா? நீங்க மாப்ளையாச்சே, எப்படி எடுப்பீங்க. தலைய நிமிர்த்தட்டா, வேணாமா?"

அவள் கையை உயர்த்தியதும் சிக்கல் எனக்குத் தெளிவாகப் புரிந்தது. தாலியை முடிப்பது பெண்ணின் பிடரியில். அப்பாவின் முகம் அந்தப் பிடரிக்கு நேர் பின்னால். பக்கவாட்டில் நின்றால் கட்டும் கை தெரியும், ஆனால் அந்தக் கையே அப்பா முகத்தை மறைத்துவிடும். அந்த முகம் வேண்டுமானால் எதிர்ப்பக்கம் போய், தரையோடு தரையாக உட்கார்ந்து, மாப்பிள்ளையின் கைக்கு அடியிலிருந்து எடுக்க வேண்டும். அங்கிருந்து தாலி தெரியாது, மாலைதான் தெரியும். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மற்ற இரண்டை அவருடைய சகோதரி போடுவாள். அதற்குள் ஒரு பக்கம் எடுத்துவிட்டு மறுபக்கம் ஓடலாமா என்று பார்த்தேன். ஓடினேன். ஃபிளாஷ் கூவிக்கொண்டே இருந்தது. மனைவி மூன்று முடிச்சையும் போட்டு முடித்து, எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். சிவப்பு விளக்கு அதற்கப்புறம்தான் எரிந்தது.

வெள்ளிக்கிழமை புதிய பேட்டரி போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் சீக்கிரம் கூவி முடித்தது, போதுமான அளவுக்கு இல்லை. இன்னொரு கேமரா கிடைக்குமா என்று பெசன்ட் நகரில் ஒருவரைப் போய்க் கேட்டேன். அவர் அதை மகனிடம் பெங்களூருக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். சனிக்கிழமை மண்டபத்துக்குப் போய், ஜன்னல் வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தேன். தூணில் விழுந்தது. ஆபீசில் இருக்கும்போது மயிலாப்பூரிலும், மயிலாப்பூரில் இருக்கும்போது அடையாறிலும் எதையோ மறந்து வைத்துவிட்டது போலவே இருந்தது. ரோல் சரியாக மாட்டியிருக்கிறதா என்று கேமராவின் பின்மூடியைத் திறக்கப் போன கையை மனைவி தட்டிவிட்டாள். திறந்திருந்தால் முதல் ரோல் அங்கேயே பாழ்.

ஞாயிறு காலை காசி யாத்திரையும் ஊஞ்சலும் நன்றாகவே போயின. பதற்றத்தில் சம்பந்தியின் தலையைப் பாதி வெட்டியிருப்பேனோ என்ற சந்தேகம் மட்டும் இருந்தது. பெண் கூறைப்புடவை கட்டிக்கொண்டு வந்தாள். வைக்கோல் பரப்பி, அதன்மேல் அப்பா உட்கார்ந்தார். அவள் மடியில் உட்காரும்போது அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கனம் தாங்க வசதியாகக் காலைச் சரிசெய்துகொண்டார், அவ்வளவுதான். நான் சனிக்கிழமை நண்பரிடம் புதிதாக ஒப்புக்கொண்டபடி, அவர்களுக்கு வலப் பக்கவாட்டில் நின்றிருந்தேன். அங்கிருந்து தாலி தெரியும். சட்டம் போட்டு மாட்டுகிற மாதிரிப் படம் வரும். சம்பந்தி வீட்டார் கேட்பது அதைத்தான். கேமரா வழியாகப் பார்த்தேன். அப்பாவின் முகம் இருக்க வேண்டிய இடத்தில் மாப்பிள்ளையின் அங்கவஸ்திரம்.

மாலைகளைத் தாண்டி இடப்பக்கம் போனேன். அங்கே சாஸ்திரிகளுக்கும் தாம்பாளங்களுக்கும் நடுவில் ஒரு முழம் இடம்தான் இருந்தது. உட்கார்ந்தேன்.

"ஓய், நீர் இங்க உக்காந்தா நான் அக்னிலயா உக்காரறது?" என்றார் சாஸ்திரிகள், மந்திரத்தை நிறுத்தாமலே.

"ஒரே ஒரு படம் மாமா."

"தாலி அந்தப் பக்கம்னா கட்டறா!"

"தெரியும்."

அவர் என்னை ஒரு விநாடி பார்த்துவிட்டு, நெய்க் கிண்ணத்தைத் தன் மடிப்பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேலே நண்பரின் குரல் கேட்டது. "சார், இந்தப் பக்கம்! இந்தப் பக்கம் வாங்கோ!" அதற்குள் யாரோ கெட்டி மேளம் என்று கத்த, நாகஸ்வரமும் தவிலும் சேர்ந்து எழுந்தன. மாப்பிள்ளை குனிந்தார். நாலா பக்கமிருந்தும் அட்சதை விழுந்தது, என் லென்ஸ் மேலும் விழுந்தது. கைக்கு அடியில் ஒரு சின்ன இடைவெளி தெரிந்தது, அதில் ஏதோ அசைந்தது. அழுத்தினேன். வெளிச்சம் வந்து போனது. ஃபிளாஷ் கூவ ஆரம்பித்தது. நான் எழுந்து, தாம்பாளங்களை மிதிக்காமல் மறுபக்கம் வந்தபோது சகோதரி மூன்றாவது முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்ந்திருந்தாள்.

"எடுத்தேளோல்லியோ?" என்று நண்பர் என் தோளைப் பிடித்தார்.

"எடுத்தாச்சு."

என்ன எடுத்தேன் என்று எனக்கே தெரியாது. ரோல்களைக் கழுவக் கொடுத்த கடையில் புதன்கிழமை வரச் சொன்னார்கள். செவ்வாய்க்கிழமை போய் நின்றேன். கடைக்காரர், "புதன்னா புதன் சார்" என்றார்.

வியாழக்கிழமை மாலை படங்களோடு மயிலாப்பூர் போனேன். மறுவீட்டுக்கு வந்திருந்த பெண்ணும் இருந்தாள். சம்பந்தியின் தலை முழுதாகவே விழுந்திருந்தது. அப்பா கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து, கீழே அடுக்கிக்கொண்டே வந்தார். ஒரு படத்தில் நின்றார்.

"இது என்ன? நான்னா இருக்கேன்! தாலி எங்கே?"

நண்பர் எட்டிப் பார்த்தார். "தாலி கட்டற படமே இல்லையா சார்?" என்று கேட்ட குரலில் கோபம்கூட இல்லை. "அவா ஆத்துல கேப்பாளே, என்ன சொல்றது?"

"இல்லை" என்றேன். "அந்த நேரத்துல எடுத்தது இது ஒண்ணுதான்."

"ஃபிலிமை வீணாக்காதீங்கோன்னு சொன்னேனே" என்றார் அப்பா. ஆனால் படத்தைக் கீழே வைக்கவில்லை.

பெண் வந்து அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மாப்பிள்ளையின் முழங்கைக்கு அடியில் அப்பாவின் முகம் கலங்காமல், கண்ணைச் சுருக்கிக்கொண்டு, ஊசியில் நூல் கோக்கிறவர் முகம் போல் இருந்தது. அவருடைய வலது கை அவள் பிடரிக்கு மேலே உயர்ந்திருந்தது. பூ வைத்துத் தைத்த கனமான ஜடையை, முடிச்சில் மாட்டிக்கொள்ளாமல், ஒரு பக்கமாகத் தூக்கிப் பிடித்திருந்தார்.

அவள் படத்தை வெளிச்சத்தின் பக்கம் திருப்பினாள்.

"ஜடையைத் தூக்கிப் பிடிச்சது நீயாப்பா? நான் நாத்தனார்னு நெனச்சிண்டிருந்தேன்."

"மாட்டிண்டா இழுக்கும், வலிக்குமோன்னோ" என்றார் அவர். பிறகு ஊஞ்சல் படத்தைக் கையில் எடுத்துக்கொண்டார்.