சீனக் கடைக் குடிநீர்

அதிமதுரத்தின் இனிப்பும் ஏதோ ஒரு வேரின் மண்வாசமும் ஆவியோடு எழும்பி, மிச்சம் என்ற ஊரில் நாங்கள் இருந்த பிளாட்டின் திரைச்சீலை, தலையணை உறை, என் பள்ளிக்கூட ஜம்பர் என்று எல்லாவற்றிலும் ஏறிக்கொண்ட அந்தக் குளிர்காலத்தில் எனக்குப் பத்து வயது. வீதி முனைச் சீன மருந்துக் கடையில் வாங்கிய பொட்டலத்தை அம்மா, கஷாயத்துக்குச் சொல்வதுபோல, "குடிநீர்" என்றுதான் சொன்னாள். அதைப் பிரித்து, அதிமதுரத்தையும் கறுவாப்பட்டையையும் அடையாளம் கண்டதுமே அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது. "இது எங்கட மருந்துதானே, சீனர் பேரை மாத்தி வைச்சிருக்கினம்" என்றாள். ஊரெல்லாம் ஃப்ளூ பரவிய அந்த நாட்களில், அது எங்களுக்கு வராமல் இருக்க ஆளுக்கொரு கோப்பை குடித்தோம்.

அப்பா குடிக்கவில்லை. "தடிமன், சும்மா சளிதான்" என்று சொல்லிக்கொண்டே இரண்டு நாள் ஷிப்டுக்குப் போனவர், மூன்றாம் நாள் எழும்பவில்லை. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு மறுபடி கடைக்கு ஓடினாள். அவளுக்கு அப்போது ஆங்கிலம் வராது. டொக்டரிடமும் கவுன்சிலிலும் அவளுக்கு வாய் நான்தான். கடைக்காரச் சீனத்து அன்ரி பொட்டலத்தைக் கட்டித் தந்து, மூன்று நேரம் கொடுக்கச் சொன்னாள். பிறகு என் தோளைப் பிடித்து, அப்பாவுக்கு மூச்சு வாங்கினால் இதை நம்பி இருக்கக்கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று இரண்டு தரம் சொன்னாள்.

"என்னவாம் பிள்ளை?"

"மூண்டு நேரம் குடிக்கட்டாம், அம்மா."

முந்தின வருடம் ஆஸ்பத்திரிக்கு நடந்து போன பெரியப்பா பெட்டியில்தான் வந்தார். அப்பாவையும் அங்கே அனுப்ப எனக்குப் பயமாக இருந்தது, அவ்வளவுதான்.

அப்பாவுக்கு மூச்சு இளைக்க இளைக்க அம்மா இன்னொரு கோப்பை கொடுத்தாள். "சளி கிளம்புது, மருந்து வேலை செய்யுது" என்றாள். மறுநாள் மத்தியானம் அவருடைய உதடு நீலமான பிறகுதான் ஆம்புலன்ஸுக்கு ஃபோன் அடித்தோம். நிமோனியா, பிந்திவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னதை அம்மாவுக்குத் தமிழில் சொன்னதும் நான்தான். அதில் ஒரு சொல்லையும் நான் விடவில்லை.

அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது நகத்துக்கு நிறம் பூசுகிறார்கள். அந்த அன்ரி எங்கே போனாளோ தெரியாது. போன கிழமை அம்மாவை ஃப்ளூ ஊசிக்குக் கூட்டிப்போனேன். நர்ஸோடு அவளே ஆங்கிலத்தில் பேசிக்கொண்டாள். திரும்பி வரும்போது பஸ் அந்த இடத்தைக் கடந்தது.

"அந்தச் சீனத்து மனுசி அண்டைக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா, அப்பாவைக் கொண்டு போயிருப்பன்" என்றாள்.

"ஓம் அம்மா" என்றேன்.